கூட்டு மனு

பஹாவிலிருந்து சிரம்பானுக்கு
காலை ஆறே முக்கால் பேருந்து.
ஓட்டுநரிடம் நீ "ரெண்டு" என்றாய்.
பழக்கம்.
எழுந்து வந்து என் பங்கை
சில்லறையாகவே உன் கையில் திணித்துவிட்டு
மூன்று இருக்கை தள்ளி உட்கார்ந்தேன்.
வக்கீல் சொல்லியிருக்கிறார்,
இனி எதற்கும் கணக்கு இருக்க வேண்டும்.

குவாலா பிலா வரைக்கும் செம்பனை.
எண்ணாதே என்றாலும் எண்ணும் கண்.
எண்ணெய் ஆலை எடைமேடையில்
பதினெட்டு வருடம் இருந்தவளுக்கு
வேறென்ன தெரியும்?
லாரி வரும்போது ஓர் எடை,
குலையைக் கொட்டிவிட்டுப் போகும்போது ஓர் எடை,
கழித்தால் வருவது சரக்கு.

நீ முதல் எடைக்கு இறங்க மாட்டாய்.
இரண்டாவது எடைக்கு மட்டும்
கோப்பி வாங்கும் சாக்கில் குதித்துவிடுவாய்.
உன் எழுபது கிலோவையும் பழமென்று
முதலாளிக்கு விற்ற ஆள் நீ, தனபாலா.
நான்காம் நாள் கண்டுபிடித்தேன்.
ஜன்னலைத் திறந்து "இறங்குங்க அண்ணே" என்றேன்.
சிரித்துக்கொண்டே இறங்கினாய்.
அந்தச் சிரிப்புக்குத்தான் இவ்வளவும்.

வக்கீல் அறையில் ஒரு தாள்.
வீடு: மலிவு விலை, நாற்பத்திரண்டாயிரம் வெள்ளி,
கடன் இருவர் பெயரிலும்.
"நீங்கள் பிரிவது வங்கிக்குத் தெரியாது,
தெரிந்தாலும் அதற்கென்ன?
அவர் கட்டாவிட்டால் உங்களைத்தான் தேடும்" என்றார்.
பெயரை மாற்ற என் சம்பளச் சீட்டு போதுமா என்று
வங்கி யோசிக்குமாம்.
மாதத் தவணையை நான் கட்டிய ஒன்பது வருடம்
அது யோசிக்கவேயில்லை.

தாலிக்கொடி, நாலரைப் பவுன்.
அடகுச் சீட்டு உன் பெயரில்.
நீ பாக்கெட்டிலிருந்து எடுத்து
மேசையில் வைத்தபோது
மடிப்பில் கிழிந்திருந்தது.
மீட்கக் கெடு இன்னும் பதினோரு நாள்.
யார் மீட்பது என்று வக்கீல் கேட்டார்.
வெளியே யாரோ மோட்டாரை உதைத்துக்கொண்டே இருந்தார்கள்,
கிளம்பவில்லை.
"நான்" என்றாய்.
எழுதிக்கொள்ளுங்கள் சார் என்றேன், தேதியோடு.

உன் கூட்டாளியின் லாரிக் கடனுக்கு
நான் போட்ட ஜாமீன் கையெழுத்தை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?
சொத்திலா, கடனிலா?
வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அது நீதிமன்றம் பிரிக்கும் பொருள் இல்லையாம்.

யுகஷினிக்கு மாதம் நானூறு,
கையில் வேண்டாம், வங்கி வழியாக.
ஐந்நூறு கேட்கச் சொல்லி அக்கா போன் பண்ணினாள்.
உன் வண்டிக்கு வேலையில்லாத மழை மாதங்கள்
எனக்கல்லவா தெரியும்.
தெரியாமல் இருந்திருந்தால்
ஐந்நூறு கேட்டிருப்பேன்.

பிறகு அவர் மெதுவாகச் சொன்னது:
சேமநிதியில் வாரிசாக யார் பெயர்?
உன் பெயர்.
இரண்டாயிரத்து ஏழில் எழுதிக் கொடுத்தது.
தீர்ப்பு வந்தாலும் அது தானாக அழியாதாம்.
நான் செத்தால் நீ போய் வாங்கிக்கொள்ளலாம்.
நீதானே முதலில் சிரித்தாய்?
நானும் சிரித்துவிட்டேன்.
வக்கீலுக்குத் தர்மசங்கடம்.

உயர் நீதிமன்றத்தில் நாலு நிமிடம்.
நீதிபதி மலாயில் கேட்டார், சம்மதமா என்று.
இருவரும் ஒரே நேரத்தில் "செத்துஜு" என்றோம்.
வீட்டுக்குச் சாயம் பூசுவதில்கூட
ஒத்துப் போகாதவர்கள்.
இன்னும் மூன்று மாதத்தில் முழுத் தீர்ப்பு.

திரும்பும் பேருந்தில்
உன் டிக்கெட்டை நீயே வாங்கினாய்.
ரொம்பின் முச்சந்தியில் மழை.
பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
நீ இறங்கியபோது
படிக்கட்டுப் பக்கம் வண்டி லேசாக எழும்பியது.
இவ்வளவுதானா எழும்பும்?

எழுபது இல்லை.
அறுபத்திரண்டு, மிஞ்சினால் அறுபத்து மூன்று.
எப்போது இளைத்தாய்?

மடியில் சேமநிதிப் பாரம்.
பேனாவைத் திறந்து
மகள் பெயரை எழுதத் தொடங்கினேன்.
சாலை சரியில்லை,
எழுத்து கோணிக்கொண்டு போனது.